ஸ்கேன் பலகையில் இரண்டு பேர்

என் மாணவி ஒருவரின் ஆய்வை என் பெயரில் மட்டும் அச்சிட்டு வெளியிட்டவன் நான். இருபது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. அவர் பெயர் தவறிப்போய் விடுபடவில்லை. தட்டச்சுக்குக் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் இரண்டு பெயர்கள் இருந்தன. ஒன்றை நான் கோடிட்டு அடித்தேன். அவர் எம்.இ. முடித்து, கல்யாணமாகிக் கடலூருக்குப் போயிருந்தார். இனி ஆராய்ச்சிப் பக்கம் வரமாட்டார், அவருக்கு எதற்கு இது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எனக்குப் பதவி உயர்வு வரவேண்டிய வருடம் அது. அந்தக் கட்டுரைதான் என்னைப் பினாங்கு வரைக்கும் கொண்டுபோய்ப் பேராசிரியராக உட்கார வைத்தது. ஓய்வுக்குப் பிறகும் மகளோடு அங்கேயே தங்கிவிட்டேன்.

ஆய்வு என்னவென்றால், சி.டி. ஸ்கேன் இயந்திரத்தில் நோயாளி படுக்கிற பலகை. வளையத்துக்குள் அது நீளும்போது, சுவரில் ஒரு முனை மட்டும் செருகிய அலமாரிப் பலகைபோல, மறுமுனைக்கு ஆதாரம் இருக்காது. கனமாக இருந்தால் கதிர் ஊடுருவாது, மோட்டார் சரியான இடத்தில் நிற்காது. மெலிதாக இருந்தால் தொய்யும். தொய்ந்தால் படம் இடம் மாறும். இரண்டுக்கும் நடுவே மிகப் பொருத்தமான வடிவத்தைக் கணக்கால் தேடுவதை ஆப்டிமைசேஷன் என்போம். அதில் ஓர் ஆபத்து உண்டு. நீங்கள் வேண்டும் என்று சொல்லாத எதையும் கணக்கு செதுக்கி எறிந்துவிடும். அந்தக் காலத்தில் எல்லோரும் படுத்திருக்கும் நோயாளியை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டோம். அந்த மாணவி, ஜெசிந்தா ஒருவர்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் நின்று பார்த்துவிட்டு வந்து, "யாரும் படுத்துக்கிட்டே வர்றதில்ல சார், மொதல்ல உக்கார்றாங்க" என்றார். உட்காரும் பாரத்தையும் சேர்த்து வடிவம் தேடும் முறையை அவரே எழுதினார். நான் பிழை திருத்தினேன். அவ்வளவுதான் என் பங்கு.

2011 தொடக்கத்தில் சிதம்பரம் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து பேராசிரியர் சபாபதி என்பவர் மின்னஞ்சல் அனுப்பினார். தன்னிடம் பகுதிநேரமாகப் பி.எச்டி. செய்யும் விரிவுரையாளருக்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நடத்த வர முடியுமா, இந்தத் துறையில் உங்கள் கட்டுரைதான் முன்னோடி என்று எழுதியிருந்தார். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் ஜெசிந்தாவின் பெயர். மூன்றாம் அத்தியாயம் அவருடைய பழைய கணக்கு, அடியில் மேற்கோளாக என் பெயர். கூடவே இன்னொரு தேர்வாளரின் அறிக்கையும் இருந்தது. மூன்றாம் அத்தியாயம் ஏற்கெனவே வெளிவந்த என் கட்டுரையின் நகல், அதை நீக்கவேண்டும், நீக்கினால் நான்காம் அத்தியாயம் நிற்காது, வைவாவில் இதை விசாரிக்கவும் என்று அதில் கண்டிருந்தது. அவர் சொந்தக் கணக்கையே அவர் என்னிடமிருந்து திருடியதாகக் குற்றச்சாட்டு.

ஆய்வு மாணவருக்கும் எனக்கும் முன்தொடர்பு எதுவும் இல்லை என்று பல்கலைக்கழகத்தில் உறுதிமொழி கேட்டார்கள். கையெழுத்துப் போட்டேன். எங்களை இணைக்கும் ஒரே தாளில் அவர் பெயரை இல்லாமல் செய்தவன் நான்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? பயம் இருந்தது. அதைவிட, போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் அதிகமாக இருந்தது.

சொன்ன நாளுக்கு முன்பே யாரிடமும் சொல்லாமல் கடலூரில் போய் இறங்கினேன். மஞ்சக்குப்பம் மைதானத்தைப் பார்த்த அறை. காலையில் மைதானத்தைச் சுற்றி ஆட்கள் நடக்கிறார்கள். பினாங்கில் நடக்கிறவர்கள் காதில் எதையாவது செருகிக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நடப்பார்கள். இங்கே ஒரு சுற்றுக்குள் மருமகள் சண்டை முடிந்து கலெக்டர் ஆபீஸ் அரசியல் தொடங்கிவிடுகிறது. நான் கோயம்புத்தூர்க்காரன். இவர்கள் பேசுகிற வேகத்தில் சொற்களின் வால் அறுந்து விழுவதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

ஆட்டோக்காரர் என் பேச்சை வைத்தே பிடித்துவிட்டார். "சாரு கோயமுத்தூரா?"

"ஆமாம். இப்போது பினாங்கில் இருக்கிறேன்."

"பினாங்கா! எங்க தாத்தாவோட அண்ணன் அங்கதான் கப்பலேறிப் போனாரு. கடுதாசியும் இல்ல, ஆளும் இல்ல. பாத்தீங்கன்னா, இங்க பாகப்பிரிவினையெல்லாம் முடிஞ்சிப் போச்சி, தைரியமா வரலாம்னு சொல்லுங்க."

மத்தியானம் மெஸ்ஸில் சங்கரா மீன் குழம்பு. வஞ்சரம் கேட்டேன். "நேத்து வந்திருக்கணும்" என்றார் பரிமாறியவர், நான் ஏதோ சொன்ன சொல் தவறியவன்போல. குழம்பில் புளி தூக்கல். பினாங்குக் கடைகளில் நாலு குழம்பைக் கலந்து ஊற்றுவார்கள். எந்த மீன் எந்தக் குழம்பு என்று நாக்குக்குத் தெரியாது. இங்கே ஒரே குழம்பு, ஆனால் அது என்னவென்று அதற்கே தெரிந்திருந்தது.

ஜெசிந்தாவின் ஏட்டில் தரவெல்லாம் கடலூர் ஸ்கேன் சென்டர் ஒன்றில் எடுத்தவை. அங்கே போனேன். இந்த இயந்திரத்தைப் பற்றிப் பாடம் எடுத்தவன், சற்று நேரம் நின்று பார்க்கலாமா என்று கேட்டேன். டெக்னீஷியன் அன்வர், லால்பேட்டைக்காரர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாடம் எடுத்தவருன்றீங்க. மிஷின பாத்ததில்லியா?"

"கம்பெனிக்காரர்களின் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறேன். ஆள் படுத்துப் பார்த்ததில்லை."

"அப்பன்னா கண்டிப்பா பாக்கணும்" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

கூட்டம். ஒருவர் இறங்கியதும் பலகையை முழுக்கப் பின்னால் இழுக்காமல், பாதி நீண்டிருக்கும்போதே அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுகிறார்கள். பண்ருட்டிப் பக்கத்திலிருந்து தலைசுற்றலோடு ஒரு பெரியவர் வந்தார், கூடவே மனைவி. பெரியவர் பலகையின் முனையில் உட்கார்ந்தார். அம்மாளும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து அவர் தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார்.

"எம்மா, நீங்க எறங்குங்க. படம் அவருக்குத்தான்."

"தெரியுது தம்பி. அவுரு படுக்கற வரைக்கும் புடிச்சிக்கறேன். உட்டா சாஞ்சிடுவாரு."

"பலகை ரெண்டு பேரத் தாங்காதும்மா. எழுதியே போட்டிருக்கு பாருங்க."

"ரெண்டு பேரத் தாங்காத கட்டில எதுக்குப்பா வாங்கிப் போட்ட?"

பெரியவர் கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: "எறங்குடி. உன்னையும் சேத்துப் படம் புடிச்சிட்டு ரெண்டு ஆளு காசு கேப்பான்."

அன்வர் சிரித்தார். நான் பலகையின் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இறங்கியிருந்தது. அந்த வளைவை ஆயிரம் முறை கரும்பலகையில் வரைந்திருப்பேன். அதன்மேல் ஒரு கணவனும் மனைவியும் கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பதை அன்றுதான் பார்த்தேன். நான் படித்த எந்த நாட்டுக் கட்டுரையிலும் இந்தப் பாரம் கிடையாது. அங்கேயெல்லாம் நோயாளி தனியாக உள்ளே போகிறார். நம் ஊரில் யாரையும் தனியாக உட்காரவைக்க மாட்டோம். ஜெசிந்தாவின் நான்காம் அத்தியாயம் முழுவதும் இதுதான்: துணைக்கு வந்தவரும் சேர்ந்து உட்காரும் பாரம்.

"ஒரு டீச்சரம்மா மாசக்கணக்குல வந்து இதே சேர்ல உக்காந்தாங்க சார்" என்றார் அன்வர். "யாரு எங்க உக்கார்றாங்க, யாரு யாரப் புடிச்சிக்கறாங்கன்னு பாத்துகினே இருப்பாங்க. சொந்தக்காரங்க பாசத்தக் கூடவா கிலோவுல அளப்பீங்கன்னு கிண்டல் பண்ணுவேன். இப்ப அவுங்க டாக்டராவப் போறாங்களாம், இன்ஷா அல்லாஹ். பிரியாணி போடணும்னு சொல்லி வச்சிருக்கேன்."

நான் யாரென்று அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் சிதம்பரம் பஸ். புதுச்சத்திரம் தாண்டி டயர் வெடித்தது. எல்லோரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். பினாங்கில் இப்படி நின்றால் ஐந்து நிமிடத்தில் வேறு பஸ் வரும். பக்கத்தில் நிற்பவர் யாரென்று கடைசிவரை தெரியாது. இங்கே பஸ் வரவில்லை, ஆனால் ஒரு பெண்ணின் நாத்தனார் பிரசவம் வரை எனக்குத் தெரிந்துவிட்டது. சபாபதிக்குத் தொலைபேசினேன். கொஞ்ச நேரத்தில் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து, "எக்ஸாமினர் சாருங்களா? நான் சகாயம், ஜெசிந்தா ஊட்டுக்காரரு" என்றார்.

எழுபது வயதில், பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்து போனேன். வெளித் தேர்வாளரை ஆய்வு மாணவர் வீட்டார் தாங்கு தாங்கென்று தாங்குவது நம் கல்லூரிகளின் வழக்கம். வண்டி, சாப்பாடு, கோயில் தரிசனம், கடைசியில் ஒரு சால்வை. நானும் எத்தனையோ சால்வை வாங்கியிருக்கிறேன்.

காற்றுக்கு மேல் கத்திக்கொண்டே வந்தார் சகாயம். "ப்ரமோஷன் அஞ்சு வருஷமா நிக்குது சார். பி.எச்டி. இல்லாம குடுக்க மாட்டன்றாங்க. வர்ற ஜூன்ல ஒரு எடம் காலியாவுது, அதான் இந்த அவசரம். இவ எப்பவோ முடிச்சிருக்க வேண்டியவ. பழைய வாத்தியார் ஒருத்தரு நல்லா ஏமாத்திட்டாராம்."

"யார் அவர்?"

"பேரு சொல்ல மாட்டா சார். நானும் கேக்கறதில்ல. கேட்டா நான் சும்மா இருக்க மாட்டன்னு அவளுக்குத் தெரியும்." குழியில் வண்டி குதித்தது. "சார், தோளக் கெட்டியாப் புடிச்சிக்கோங்க."

பிடித்துக்கொண்டேன்.

சிதம்பரத்துக்குள் நுழையும்போது சைக்கிள்களும் ஆட்டோக்களும் ஒன்றை ஒன்று உரசாமல் உரசிக்கொண்டு போயின. சபாபதி கோயிலுக்குக் கூப்பிட்டார். உடம்பு சரியில்லை என்று தட்டிக்கழித்தேன். ராத்திரிச் சாப்பாட்டைத் தட்ட முடியவில்லை. கீழ வீதியில் ஓர் ஓட்டல். இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும். சுட்ட கத்தரிக்காயின் புகை மணம், கமகமவென்ற கொத்தமல்லி வாசனை. எங்கள் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் இப்படி ஒன்று கிடையாது. சபாபதி கொத்சின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே ஜெசிந்தா. தலை நரைத்திருந்தது. "இன்னொரு இட்லி வச்சிக்கோங்க சார்" என்பதைத் தவிர எதுவும் பேசவில்லை. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. என்னை மறந்தேவிட்டாரோ என்று ஒரு நிமிடம் நிம்மதிகூட வந்தது.

கை கழுவும் இடத்தில் தனியாக நின்றபோது கேட்டேன். "ஜெசிந்தா, என்னைத் தெரியவில்லையா?"

குழாயை மூடினார். "தெரியுது சார். நாளைக்கு வைவா முடியற வரைக்கும் தெரியாமலே இருக்கட்டும்."

"அந்த மூன்றாம் அத்தியாயம்..."

"உங்க மாடல எடுத்து நான் விரிவுபடுத்தியிருக்கேன்னு சொல்லிடுவேன். நீங்க சரின்னு தலையாட்டுங்க. கையெழுத்துப் போடுங்க. கெளம்புங்க. அதுக்கு மேல எனக்கு உங்ககிட்ட ஒண்ணும் வேணாம்."

தலையாட்டினேன்.

மறுநாள் கல்லூரி செமினார் ஹால். நாற்காலிகளை நிரப்ப மாணவர்களை ஓட்டி வந்திருந்தார்கள். போண்டா, டீ. பின்வரிசையில் சகாயம், அவருடைய அம்மா, சொந்தக்காரர்கள். வெளியே பந்திக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது.

ஜெசிந்தா தெளிவாகப் பேசினார். பண்ருட்டித் தம்பதியைப்போல எத்தனையோ தம்பதிகள், அப்பாவும் மகளும், மாமியாரும் மருமகளும் பலகையில் உட்காரும் படங்கள். மாணவர்கள் சிரித்தார்கள், ரசித்தார்கள். அதற்கு ஏற்றபடி முனைப்பக்கத்தின் கனத்தை எப்படி மாற்றிப் பகிர்ந்தால் எடை கூடாமலே தொய்வு குறையும் என்று காட்டினார். எனக்குத் தெரியாத விஷயங்கள். நான் குறிப்பெடுத்தேன்.

பிறகு சபாபதி, மற்றத் தேர்வாளரின் ஆட்சேபத்தைப் படித்தார். ஜெசிந்தா அந்தப் பக்கத்தைத் திரையில் போட்டார். கையிலிருந்த சுட்டுக்கம்பைச் சமன்பாட்டின்மேல் வைத்து, "இது இங்கே வந்திருக்கும் பேராசிரியர் அவர்களின் மாதிரி. இதை உருவாக்கியதில் எனக்குப் பங்கில்லை. நான் பயன்படுத்தியிருக்கிறேன்" என்றார். எத்தனை முறை கண்ணாடி முன்னால் சொல்லிப் பழகினாரோ.

நான் எழுந்துவிட்டேன். முதல்நாள் கொடுத்த வாக்கு நினைவில் இருந்தது. இருந்தும் எழுந்தேன். "அது என்னுடையதல்ல. இவர் என் மாணவி. இது இவர் எழுதியது. நான் இவர் பெயரை எடுத்துவிட்டு அச்சிட்டேன்" என்றேன். மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது.

கைதட்டுவார்களோ, கல்லெறிவார்களோ என்று நான் ஏதேதோ எதிர்பார்த்திருந்தேன். சபாபதி செய்தது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "உங்க மாணவியா?" என்று கேட்டார். "அப்படின்னா நீங்க எக்ஸாமினரா இருக்கவே முடியாதே சார்?"

வெளியே போய்த் தேர்வுப் பிரிவுக்குத் தொலைபேசினார். திரும்பி வந்து வைவா ஒத்திவைக்கப்படுவதாக அறிவித்தார். புதுத் தேர்வாளர் குழு, புதிதாக அனுமதி, ஏடு மறுபடி அனுப்பப்பட வேண்டும். ஜூன் போயிற்று.

வராந்தாவில் ஜெசிந்தா என்னைப் பிடித்துக்கொண்டார். "யாரு சார் கேட்டா உங்கள?"

"நீ அப்படிச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை."

"எனக்குச் சொல்ல முடிஞ்சிது இல்ல? வேலைக்காக நான் முழுங்கிட்டேன் இல்ல? அப்ப நீங்களும் முழுங்கியிருக்கணும். அன்னிக்கும் என்னக் கேக்காம செஞ்சீங்க. இன்னிக்கும் என்னக் கேக்காமதான் செஞ்சீங்க."

சகாயம் சற்றுத் தள்ளி நின்றார். கைகளை முறுக்கிக்கொண்டிருந்தார். ஜெசிந்தா அவரைப் பார்த்து, "நீங்க போயி பந்தியப் பாருங்க. ஆக்கின சோறு வீணாவக் கூடாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஊருக்குப் போயி மன்னிப்பு கின்னிப்புன்னு மெயில் போடாதீங்க. ஜர்னலுக்கு எழுதுங்க. அச்சுல வரணும். வந்தாத்தான் அடுத்த எக்ஸாமினர் வாயத் தொறக்க மாட்டாரு."

சாப்பிடாமல் கிளம்பினேன். பஸ் நிலையத்துக்கு நடந்தே போனேன். இந்த முறை யாரும் வண்டி கொண்டுவரவில்லை.

பினாங்கு திரும்பியதும் ஆய்விதழுக்கு எழுதினேன். என் பெயரை எடுத்துவிட்டு அவர் பெயரைப் போடுங்கள் என்றேன். இதழாசிரியர் ஒப்பவில்லை, கட்டுரையை அனுப்பி வெளியிட்டவர் நீங்கள், பொறுப்பிலிருந்து நழுவ முடியாது, அவர் பெயர் முதலில், உங்கள் பெயர் பின்னால், காரணத்தோடு திருத்தம் போடுகிறோம் என்றார். நான் வேலை பார்த்த துறைக்கும் ஒரு நகல் அனுப்பினேன். அங்கே வருடாவருடம் புதியவர்களுக்கு நான் நடத்தும் வகுப்புக்கு அதன்பிறகு அழைப்பு வரவில்லை. மகள், "அந்தப் பேப்பரை வச்சுத்தானேப்பா நாம இங்க வந்தோம்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். திருத்தம் அச்சில் வர மாதங்கள் ஆயின. கடைசிப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம்.

ஜூன் பதவி வேறொருவருக்குப் போய்விட்டதாகச் சபாபதி எழுதினார். வருடக் கடைசியில் வைக்கலாம் என்றிருந்த இரண்டாவது வைவாவும் புயலால் தள்ளிப்போயிற்று. 2012இல் ஒருவழியாக நாள் குறித்தார்கள். நான் வரலாமா என்று ஜெசிந்தாவிடம் தொலைபேசியில் கேட்டேன். இந்த முறை கேட்டேன்.

"பப்ளிக் வைவாதானே சார். நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருக்கு. யாரு வேணா வரலாம்."

வழியெல்லாம் மரங்கள் வேரோடு கிடந்தன. முந்திரித் தோப்புகள் படுத்துவிட்டன. பலா நின்ற இடங்களில் வானம் தெரிந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "இனிமே வெச்சி, அது காய்க்கற வரைக்கும் நாம இருப்பமா?" என்று யாரையோ கேட்டார்.

ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். புதுத் தேர்வாளர் ஐதராபாத்திலிருந்து வந்திருந்தார். மூன்றாம் அத்தியாயம் வந்ததும் கேட்டார்: "இந்த மாதிரி யாருடையது?"

"என்னுடையது" என்றார் ஜெசிந்தா.

தேர்வாளர் தலையசைத்து அடுத்த கேள்விக்குப் போனார். ஜெசிந்தா கடைசி வரிசையைப் பார்க்கவில்லை. பக்கத்தைத் திருப்பினார். கேள்விகள் முடிந்து, பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகச் சபாபதி அறிவித்தபோது முன்வரிசையில் அன்வர் எழுந்து விசிலடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

கூட்டம் பந்திக்கு நகர்ந்தபோது வாசலில் ஜெசிந்தா எதிர்ப்பட்டார். "திருத்தம் பாத்தேன் சார்" என்றார்.

"என்மேல் கோபம்..."

"இருக்கு சார்." யாரோ கூப்பிட்டார்கள். "பந்தி ஆரம்பிச்சிட்டாங்க, போயி உக்காருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

போய் உட்கார்ந்தேன். பக்கத்து இலையில் சகாயத்தின் அம்மா. போன வருடம் தூரத்திலிருந்து பார்த்ததால் அவருக்கு என் முகம் தெரியவில்லை.

"நீங்க ஜெசிந்தாவுக்கு என்னா வேணும்?"

"வாத்தியாராக இருந்தேன்."

கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "அந்த வாத்தியாரா?"

"அந்த வாத்தியார்தான்."

என்னைப் பார்த்தார். நன்றாகப் பார்த்தார். சோற்று வாளியோடு சகாயம் வரிசையில் வந்து, என் இலைக்கு முன்னால் வந்ததும் கை நின்றது.

"இவருக்கும் வையிடா" என்றார் அந்த அம்மாள். சொல்லிவிட்டுத் தன் இலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.